ஒன்றாம் வகுப்பில் சேர்க்கும் முன் கைக்குப் பழக்குங்கள்

ஜூன் மாதம் பிள்ளையைக் கையில் பிடித்துக்கொண்டு வகுப்பு வாசலில் நிற்கும் அம்மாக்கள் முதலில் சொல்வது இதுதான்: "டீச்சர், அ-லேர்ந்து ஃ வரைக்கும் எழுதுவான். நூறு வரைக்கும் சொல்லுவான்." கேட்கச் சந்தோஷமாகத்தான் இருக்கும். மதியம் தட்டில் சாம்பார் சாதம் விழுந்ததும் அதே பிள்ளை, யாராவது ஊட்டுவார்கள் என்று வாயைத் திறந்துகொண்டு உட்கார்ந்திருக்கும். கல்வி உரிமைச் சட்டம் தொடக்கப் பள்ளியில் 30 பிள்ளைகளுக்கு ஓர் ஆசிரியர் என்கிறது. முப்பது பேருக்கு எழுத்து சொல்லித்தர என்னால் முடியும், முப்பது வாய்க்கு ஊட்ட முடியாது.

அதனால் மே மாதம் முழுக்கப் பிள்ளையை உட்கார வைத்து அ, ஆ எழுத வைப்பதை விட்டுவிடுங்கள். அது எங்கள் வேலை. 2022 முதல் நடக்கும் எண்ணும் எழுத்தும் திட்டத்தில் அரும்பு, மொட்டு, மலர் என்று நிலை பிரித்தே பாடம் நடக்கிறது. ஓர் எழுத்தும் தெரியாமல் வரும் பிள்ளைக்கும் அங்கே இடம் உண்டு. வீட்டில் மட்டுமே கற்க முடிகிற காரியங்கள் மூன்று: தானாகச் சாப்பிடுவது, தானாகக் கழிப்பறை போய் வருவது, நேரத்துக்குத் தூங்கி எழுவது. இதே வரிசையில் தொடங்குங்கள். முதலாவதற்குத்தான் நாள் அதிகம் பிடிக்கும்.

சாப்பாட்டுப் பழக்கத்தில் முதல் வேலை போனை எடுத்து வைப்பது. திரையைப் பார்த்தபடி சாப்பிடும் பிள்ளை தட்டைப் பார்ப்பதே இல்லை. கை பக்கத்தில் வந்தால் வாய் தானாகத் திறக்கும், அவ்வளவுதான். கொஞ்சம் கொஞ்சமாகக் குறைக்கலாம் என்று பலர் சொல்வார்கள். எனக்கு அதில் நம்பிக்கை இல்லை. ஒரே நாளில் நிறுத்துங்கள். இரண்டு மூன்று நாள் அழும், குறைவாகச் சாப்பிடும். நோய்நொடி இல்லாத பிள்ளைக்கு அதனால் ஒன்றும் ஆகிவிடாது. ஆனால் தொடங்கும் முன் வீட்டில் இருக்கும் பாட்டியிடம் பேசி ஒரு முடிவுக்கு வந்துவிடுங்கள். "பச்சப் புள்ள பட்டினியா கெடக்குது" என்று அவர் ஒரு வாய் ஊட்டிவிட்டால் மறுநாள் முதலில் இருந்து தொடங்க வேண்டியதுதான்.

பழக்க ஏற்ற வேளை மதியம். இரவில் தூக்கக் கலக்கத்தில் எந்தப் பிள்ளையும் புதிதாக ஒன்றைக் கற்காது. சாப்பாட்டுக்கு இரண்டு மணி நேரம் முன்பிருந்து பிஸ்கட், பால் எதுவும் வேண்டாம். பசியோடு உட்கார்ந்தால் பாதி வேலை குறையும். தரையில் பழைய செய்தித்தாளை விரித்து, தட்டை வைத்து, நீங்களும் எதிரில் உங்கள் தட்டோடு உட்காருங்கள். பள்ளியில் எல்லாரும் வரிசையாகத் தரையில்தான் உட்காருவார்கள்.

எதில் தொடங்குவது என்பதில்தான் நிறையப் பேர் தடுமாறுகிறார்கள். எலுமிச்சை சாதம் பிள்ளைக்குப் பிடிக்குமே என்று அதை வைப்பார்கள். உதிரியான சோறு சின்னக் கைக்குள் நிற்காது, முதல் நாளே பிள்ளைக்கு அலுத்துவிடும். இட்லி, தோசையில் தொடங்குங்கள். தோசையை ஒரு கையால் பிய்க்கப் பழகக் கொஞ்ச நாள் ஆகும், அதுவரை இரண்டு கையாலும் பிய்க்கட்டும். அடுத்தது குழைவான பருப்பு சாதம், தயிர் சாதம். பிறகு சாம்பார் சாதம். உதிரிச் சோறும் ரசம் சாதமும் கடைசியில்.

இனி விரல். ஊட்டி வளர்ந்த பிள்ளை சோற்றை உள்ளங்கை நிறைய அள்ளி, கையோடு முகத்தில் அப்பிக்கொள்ளும். பாதி வாய்க்குள் போகும், பாதி சட்டைக்குள் போகும். அதற்குத் தெரியாதது ஒன்றே ஒன்று: நான்கு விரல் நுனியில் சோற்றைச் சேர்த்து, பின்னால் இருந்து கட்டைவிரலால் வாய்க்குள் தள்ளுவது. நாம் யோசிக்காமல் செய்வதால் இதைச் சொல்லித்தர வேண்டும் என்றே தோன்றுவதில்லை. உங்கள் கையைப் பிள்ளையின் கண் மட்டத்துக்கு இறக்கி, மெதுவாக, நாலைந்து முறை செய்து காட்டுங்கள். கட்டைவிரல் நகம் பிள்ளைக்குத் தெரிய வேண்டும். பிள்ளையின் கையைப் பிடித்து நீங்களே தள்ளிவிடாதீர்கள், விரல் தானாக வழி கண்டுபிடிக்கட்டும். ஒரு குறுக்குவழி உண்டு. சாயந்திரம் அவலை நனைத்து, வெல்லமும் தேங்காய்த் துருவலும் போட்டு ஒரு கிண்ணத்தில் கொடுங்கள். நனைந்த அவல் விரலில் ஒட்டி நிற்கும், தள்ளினால் உடனே போகும். தினமும் விளையாட்டாகவே கட்டைவிரலுக்குப் பழக்கம் வந்துவிடும். இடது கையால் எழுதவும் எடுக்கவும் செய்கிற பிள்ளையாக இருந்தால் கையை மாற்றச் சொல்லி வற்புறுத்தாதீர்கள். அந்தக் கையை நன்றாகக் கழுவச் சொன்னால் போதும்.

சிந்தும், சிந்தட்டும். சாப்பிட்டு முடித்ததும் செய்தித்தாளைச் சுருட்டிக் குப்பையில் போடுவது பிள்ளையின் வேலை. திட்டு வேண்டாம். எல்லாவற்றையும் கெடுப்பது, "கடைசி ரெண்டு வாய் மட்டும் அம்மா தர்றேன்" என்பதுதான். அந்த இரண்டு வாய்க்காகப் பிள்ளை அரை மணி நேரம் தட்டை வைத்துக்கொண்டு காத்திருக்கும். மிச்சம் விழுவது பிடிக்கவில்லை என்றால் முதலிலேயே ஒரே ஒரு கரண்டி போடுங்கள். முடித்துவிட்டு அதுவே வாய் திறந்து "இன்னும் வேணும்" என்று கேட்க வேண்டும். இதுவும் பயிற்சிதான். வீட்டில் கேட்காமலே தட்டு நிறைந்து பழகிய பிள்ளைகள், பள்ளியில் சமையல் அக்காவிடம் கேட்க வெட்கப்பட்டுப் பசியோடு எழுந்துவிடுகின்றன.

அரசுப் பள்ளியில் சேர்க்கிறீர்கள் என்றால் இன்னும் இரண்டு. முதலமைச்சரின் காலை உணவுத் திட்டம் 2022 செப்டம்பர் 15 அன்று மதுரையில் தொடங்கி, அடுத்த ஆண்டு மாநிலம் முழுக்க அரசுத் தொடக்கப் பள்ளிகளுக்கு வந்தது. அதாவது ஒன்று முதல் ஐந்து வரை படிக்கிற பிள்ளை காலையும் மதியமும் பள்ளியிலேயே சாப்பிடுகிறது. காலையில் உப்புமா, கிச்சடி, பொங்கல் என்று மாறி மாறி வரும். உங்கள் வீட்டில் ரவா உப்புமா செய்வதே இல்லையென்றால் மே மாதத்தில் சில நாள் செய்யுங்கள், நாக்குக்குப் புதிதாக இருக்கக் கூடாது. இன்னொன்று முட்டை. அவித்த முட்டையை உரிக்கத் தெரியாமல் பக்கத்துப் பிள்ளைக்குக் கொடுத்துவிடும் குழந்தைகளைப் பார்த்து மனசு கஷ்டப்பட்டிருக்கிறது. அகலமான முனையில் காற்று இருக்கும். அந்த முனையைத் தட்டில் தட்டி, அங்கிருந்து உரிக்கத் தொடங்கினால் ஓடு சுலபமாக வரும். வாரம் இரண்டு முட்டை, உரிப்பது பிள்ளை.

டப்பா கொடுத்தனுப்புகிறவர்களுக்கு: எவர்சில்வர், ஒரே ஒரு பக்கக் கொக்கி. படம் போட்ட பிளாஸ்டிக் டப்பா வேண்டவே வேண்டாம். கடையில் காலி டப்பாவைத் திறந்து காட்டும் பிள்ளை, பள்ளியில் அதே டப்பாவோடு மல்லுக்கட்டும். சூடான சோற்றை வைத்து மூடினால் ஆறும்போது மூடி உள்ளிழுத்துப் பிடித்துக்கொள்ளும், அதுதான் காரணம். வீட்டில் சுடுசோறு போட்டு மூடி, மூன்று மணி நேரம் கழித்துத் திறக்கச் சொல்லிப் பாருங்கள். திறக்க முடியவில்லை என்றால் டப்பாவை மாற்றுங்கள், அல்லது ஆறவிட்டு மூடுங்கள். தண்ணீர் பாட்டிலையும் நிறைத்தே சோதியுங்கள்.

அடுத்து கழிப்பறை. அடுக்குமாடியில் வெஸ்டர்ன் டாய்லெட்டிலேயே வளர்ந்த பிள்ளைக்குக் குத்துக்காலிட்டு உட்காரத் தெரியாது. பள்ளியில் பெரும்பாலும் அப்படி உட்காரும் கழிப்பறைதான் இருக்கும். பயந்துபோய் நாள் முழுக்க அடக்கி வைக்கும். அடக்குவதற்காகத் தண்ணீர் குடிப்பதையும் நிறுத்திவிடும். பிறகு நீர்க்கடுப்பு, மலச்சிக்கல் என்று டாக்டரிடம் ஓட வேண்டும். உறவினர் வீட்டில் அந்த வகை இருந்தால் விடுமுறையில் அங்கே பழக்குங்கள். மக்கில் தண்ணீர் மொண்டு தானே கழுவிக்கொள்வது, தண்ணீர் ஊற்றிவிடுவது, சோப்பு போட்டுக் கை கழுவுவது, மூன்றையும் நீங்கள் வெளியே நின்றபடி குரலால் மட்டும் சொல்லிச் செய்ய வையுங்கள். உள்ளே போய் உதவாதீர்கள். கொக்கியும் ஜிப்பும் வைத்த கால்சட்டையை முதல் வருடம் தவிர்க்க முடிந்தால் தவிர்த்து, எலாஸ்டிக் வைத்துத் தைக்கச் சொல்லுங்கள். கழிப்பறை போவதற்கு ஒவ்வொரு வீட்டிலும் ஒரு செல்லப் பெயர் இருக்கும், எனக்கு அது புரியாது. "டீச்சர், ஒண்ணுக்குப் போகணும்" என்று முழுதாகச் சொல்லப் பழக்குங்கள்.

தூக்கத்துக்கு ஒரே விதி: படுக்கும் நேரத்தோடு சண்டை போடாமல், எழுப்பும் நேரத்தை மாற்றுங்கள். பள்ளி திறக்க இரண்டு வாரம் இருக்கும்போதே இரண்டு மூன்று நாளுக்கு ஒருமுறை கால் மணி நேரம் முன்னதாக எழுப்பி வெயிலில் நிறுத்துங்கள், மதியத் தூக்கத்தை வெட்டுங்கள். இரவில் தானாகக் கண் சொருகும். ஆறு வயதுப் பிள்ளைக்கு ஒன்பது மணி நேரத்துக்குக் குறையக் கூடாது.

மற்றதெல்லாம் சின்ன வேலைகள். தடுப்பூசி அட்டையை எடுத்துப் பாருங்கள், ஐந்து முதல் ஆறு வயதுக்குள் டிபிடி பூஸ்டர் ஊசி போட வேண்டும். தலையில் எண்ணெய் வைத்துப் பேன் சீப்பால் வாருங்கள். ஈர் பொரிய ஒரு வாரத்துக்கு மேல் ஆகலாம் என்பதால் வாரம் ஒருமுறையாவது மூன்று வாரம் தொடர வேண்டும். பை, பிள்ளையின் எடையில் பத்தில் ஒரு பங்குக்கு மேல் போகக் கூடாது. 18 கிலோ பிள்ளைக்கு 1.8 கிலோ, தண்ணீர் பாட்டிலையும் சேர்த்தே நிறுத்துப் பாருங்கள். டியூஷனுக்கு முன்பணம் கட்டாதீர்கள். ஒன்று, இரண்டாம் வகுப்புக்கு வீட்டுப்பாடமே கூடாது என்று சென்னை உயர் நீதிமன்றம் 2018லேயே சொல்லிவிட்டது.

முதல் நாள் வாசலில், பிள்ளை அந்தப் பக்கம் திரும்பியதும் நழுவி ஓடாதீர்கள். "பள்ளிக்கூடம் விட்டதும் இந்த வேப்பமரத்தடியில நிப்பேன்" என்று இடத்தைக் காட்டிச் சொல்லிவிட்டுக் கிளம்புங்கள், சொன்னபடி அங்கேயே நில்லுங்கள். முதல் வாரம் டப்பாவில் வழக்கத்தில் பாதி போதும். மிச்சம் திரும்பி வந்தால் ஒன்றும் கேட்காமல் மறுநாள் ஒரு கரண்டி குறையுங்கள். தொடர்ந்து காலியாக வரத் தொடங்கிய பிறகு ஒரு கரண்டி கூட்டுங்கள்.