குவிந்தும் உதவாத பி53

அன்புள்ள மாணவிக்கு,

"பி53 மரபணு கெட்டுவிட்டால் புரதமே இருக்கக்கூடாதே, பி53-ஐப் பழுப்பாகக் காட்டும் சாயமிட்ட கட்டி ஸ்லைடில் உட்கருக்கள் ஏன் இத்தனை அடர்பழுப்பாக இருக்கின்றன?" என்று கேட்டிருந்தாய். நல்ல கேள்வி. கெட்டது என்றாலே காணாமல் போனது என்று சொல்லித்தரும் பாடநூல்கள் மேல்தான் எனக்குக் கோபம்.

பி53-இல் நேரும் திடீர்மாற்றங்களில் பெரும்பாலானவை புரதத்தை ஒழிப்பதில்லை. 393 அமினோ அமிலங்களில் ஒன்று மாறும். 175ஆம் இடத்தில் ஆர்ஜினின் போய் ஹிஸ்டிடின் வந்தால் போதும், டி.என்.ஏ.வைப் பிடிக்கும் திறன் போய்விடும்.

டி.என்.ஏ. அறுந்ததும் ஏடிஎம் என்ற நொதி விழிப்பதும், பி53 குவிந்து பி21 என்ற புரதத்தின் வழியே செல் பிரிவை நிறுத்துவதும் உனக்குத் தெரியும். பி53 முடுக்கிவிடும் மரபணுக்களில் எம்டிஎம்2-வும் ஒன்று என்பதைத்தான் மறந்துவிட்டாய். பி53-ஐச் சிதைவுக்கு அனுப்புவதே அந்த எம்டிஎம்2! டி.என்.ஏ.வைப் பிடிக்க முடியாத பி53 அதைப் போதிய அளவு உண்டாக்காது. போதாததற்கு, எச்எஸ்பி90 போன்ற துணைப்புரதங்கள் கட்டிச் செல்லில் கெட்ட பி53-ஐச் சிதையாமல் காக்கின்றன. அப்புறம் குவியாமல் என்ன செய்யும்? கதிர்வீச்சில் டி.என்.ஏ. அறுந்தாலும், அந்தக் குவியலால் பி21-ஐ எழுப்ப முடியாது. செல் அறுந்த இழையோடே பிரியும்.

கெடுதல் இதோடு நிற்பதில்லை. பி53 நான்கு நான்காகச் சேர்ந்துதான் வேலை செய்யும். நல்லதும் கெட்டதும் சரிபாதியாகக் கலந்தால், நான்கும் நல்லதாக அமைவது 16-இல் 1. இந்தக் கணக்கை எழுதிவிட்டு நிறுத்திக்கொள்ளாதே. ரைபோசோமிலிருந்து வெளிவரும்போதே பி53 இணை இணையாகச் சேர்ந்துவிடுகிறது என்று 2002-இல் வந்த ஒரு கட்டுரையில் படித்தேன். அப்படியானால் முழு நல்லவை 4-இல் 1. அப்போதும் பாதி, கலப்படம்தான். மரபணுவின் ஒரு நகல் வெறுமனே தொலைந்திருந்தால் இந்தக் கலப்படமே நேராது.

1979-இல் பி53-ஐக் கண்டவர்கள் அதைப் புற்றை வளர்ப்பது என்றே எண்ணினார்கள். பின்னர் ஆய்வகங்கள் படியெடுத்து வைத்திருந்த மரபணுக்களும் திடீர்மாற்றம் அடைந்தவையாக இருந்ததால், அந்த எண்ணம் நீடித்தது. வோகல்ஸ்டைன் குழுவும் லெவைன் குழுவும் 1989-இல் அதைத் திருத்தின. அந்தப் பத்தாண்டுக் கட்டுரைகளை வரிசையாகப் படி. பாடநூலை அதுவரை மூடிவை.

பிறகு ஸ்லைடுக்கு வா. கட்டிக்கு நடுவே சிதறிக்கிடக்கும் லிம்போசைட்டுகளை முதலில் பார். அங்கங்கே ஒன்றிரண்டில் இளம்பழுப்பு, மற்றவை நீலம். பி53 நன்றாக இருக்கும் செல் அப்படித்தான் இருக்கும். கட்டிச் செல்கள் அத்தனையும் அடர்பழுப்பென்றால், பெரும்பாலும் நான் சொன்ன மாற்றம். கட்டியில் ஒரு செல்லில்கூடப் பழுப்பே இல்லை, லிம்போசைட்டில் மட்டும் இருக்கிறது என்றால், அங்கே புரதம் உண்மையாகவே இல்லை. அதை 'நார்மல்' என்று எழுதிவிடாதே.

அன்புடன்,
உன் ஆசிரியர்