இல்லாததும் காணாததும்

உரைநடை உலகம்

நுழையும்முன்

சொல்லின் பொருளை நுட்பமாக உணர்ந்து படித்தல் இலக்கியத்திற்கு மட்டும் உரிய பயிற்சியன்று. கணினித் திரையில் தோன்றும் ஒருவரிச் செய்தியையும் அவ்வாறே படித்தல் வேண்டும். ‘இல்லை’ என்பதற்கும் ‘காணவில்லை’ என்பதற்கும் உள்ள வேறுபாட்டை அறிந்தவர், கணினி கற்போர் பலரைத் தடுமாறச் செய்யும் ஒரு சிக்கலை எளிதில் தீர்த்துவிடுவர். அதனை விளக்குகிறது இப்பாடம்.

முனையமும் ஷெல்லும்

கணினிக்குக் கட்டளைகளைத் தட்டச்சிட்டு வழங்கும் சாளரம் முனையம் எனப்படும். அங்கு நாம் இடும் சொல்லைப் பெற்று, அதற்குரிய நிரலைத் தேடி இயக்குவது ஷெல் என்னும் மென்பொருளாகும். ஷெல் என்றால் ஓடு என்பது பொருள். இயங்குதளத்தின் உள்ளீடான கெர்னலை, பருப்பைச் சூழ்ந்த ஓடுபோலச் சூழ்ந்து நிற்பதால் இப்பெயர் அமைந்தது. லினக்ஸில் பெரிதும் வழங்கும் ‘பேஷ்’ என்னும் ஷெல்லைப் பிரையன் பாக்ஸ் உருவாக்கினார். அது 1989ஆம் ஆண்டு வெளியானது.

பைத்தான் போன்ற ஒரு கருவியை நிறுவிவிட்டு அதன் பெயரை முனையத்தில் தட்டச்சிடுகிறோம். ‘கட்டளை காணப்படவில்லை’ என்று விடை வருகிறது. உடனே, நிறுவியது பழுதாகிவிட்டது எனக் கருதி மாணவர் பலர் அதனை நீக்கிவிட்டு மீண்டும் பதிவிறக்குகின்றனர். அலைபேசிச் சமிக்ஞை விட்டுவிட்டுக் கிடைக்கும் மலையூர்களில் இவ்வாறு வீணாகும் தரவும் நேரமும் சிறியன அல்ல. அதனினும் பெரிய இழப்பு, ‘இது நமக்கு வராது’ என்று மாணவர் மனம் தளர்ந்துவிடுவதாகும்.

தேடும் முறை

கள்ளக்குறிச்சியிலிருந்து கச்சிராயபாளையம் வழியாகக் கல்வராயன் மலைக்கு ஒருவரிடம் கடிதம் கொடுத்தனுப்புவதாகக் கொள்வோம். உரியவரின் பெயரை மட்டும் கூறி, ‘முதலில் கரியாலூரில் தேடுக, அங்கு இல்லையெனில் வெள்ளிமலையில் தேடுக’ என்று ஊர்ப்பட்டியலும் தருகிறோம். உரியவரோ சேராப்பட்டில் வாழ்கிறார். கடிதம் கொண்டுசென்றவர் இரண்டு ஊர்களிலும் தேடிவிட்டு, ‘அவரைக் காணவில்லை’ என்று திரும்புகிறார். அவர் பொய் சொல்லவில்லை. உரியவர் மறைந்துபோகவும் இல்லை. பட்டியலில் ஓர் ஊர் விடுபட்டதே குறை.

ஷெல்லும் இவ்வாறே தேடுகிறது. அதனிடம் ‘பாத்’ என்னும் சூழல் மாறி உண்டு. தேட வேண்டிய கோப்புறைகளின் பெயர்கள் அதில் வரிசையாக எழுதப்பட்டிருக்கும். லினக்ஸில் ஒரு பெயரையும் அடுத்த பெயரையும் முக்காற்புள்ளி பிரிக்கும். விண்டோஸில் அரைப்புள்ளி பிரிக்கும். வட்டு முழுவதையும் துழாவினால் ஒவ்வொரு கட்டளைக்கும் நெடுநேரம் ஆகுமாதலால், ஷெல் பட்டியலில் உள்ள இடங்களில் மட்டுமே தேடும். ஒரே பெயரில் இரண்டு கருவிகள் இருப்பின், வரிசையில் முதலில் கிடைப்பதே இயங்கும். புதிய பதிப்பை நிறுவிய பின்னும் பழைய பதிப்பே இயங்குவதற்கு இவ்வரிசை காரணமாகலாம்.

சரிசெய்யும் படிநிலைகள்

கட்டளைகள் இங்கு ஒலிப்புக்கேற்பத் தமிழில் தரப்பட்டுள்ளன. முனையத்தில் அவற்றை ஆங்கில எழுத்துகளில் தட்டச்சிடுக.

1. எழுத்துப்பிழை உள்ளதா எனப் பார்க்க. லினக்ஸ் ஆங்கிலப் பெரிய எழுத்தையும் சிறிய எழுத்தையும் வெவ்வேறாகவே கொள்ளும்.

2. கருவி எந்தக் கோப்புறையில் உள்ளது எனக் கோப்பு மேலாளரில் கண்டறிக. கோப்பே இல்லையெனில் மட்டும் மீண்டும் நிறுவுக.

3. ‘எக்கோ $பாத்’ எனக் கட்டளையிட்டுப் பட்டியலைக் காண்க. அக்கோப்புறை அதில் இடம்பெற்றுள்ளதா என நோக்குக.

4. இடம்பெறவில்லையெனில், இல்லக் கோப்புறையில் உள்ள ‘.பேஷ்ஆர்சி’ என்னும் கோப்பைத் திறந்து இறுதியில் ஒரு வரி சேர்க்க. கருவி ‘டூல்ஸ்’ என்னும் கோப்புறையில் இருப்பின் அவ்வரி இவ்வாறு அமையும்:

எக்ஸ்போர்ட் பாத்="$பாத்:$ஹோம்/டூல்ஸ்"

5. கோப்பைச் சேமித்து, முனையத்தை மூடிப் புதிதாகத் திறக்க. முனையம் திறக்கும்போதுதான் அக்கோப்பு படிக்கப்படுகிறது.

நான்காம் படியில் ஒன்றைக் கருத்தில் கொள்க. சமக்குறியை அடுத்து வரும் ‘$பாத்’ என்பது பழைய பட்டியலைக் குறிக்கிறது. அதனை எழுத மறந்தால் பழைய பட்டியல் முழுவதும் நீங்கிப் புதிய கோப்புறை ஒன்றே எஞ்சும். அன்றாடக் கட்டளைகளும் காணாமற்போகும். புதிய ஊரைச் சேர்க்கும்போது பழைய ஊர்களை அடித்துவிடலாகாது. எக்ஸ்போர்ட் கட்டளையை முனையத்தில் நேரடியாக இட்டால் அம்மாற்றம் அச்சாளரம் மூடும்வரை மட்டுமே நிற்கும். ஆகவே முதலில் அங்குச் சோதித்துப் பார்த்து, பின்னர்க் கோப்பில் எழுதுவதே பாதுகாப்பான முறையாகும்.

விண்டோஸில் இம்மாற்றத்தைச் சூழல் மாறிகளுக்கான அமைப்புச் சாளரத்தில் செய்தல் வேண்டும். பைத்தானை நிறுவும்போதே, பாத் பட்டியலில் சேர்ப்பதற்கான கட்டத்தைத் தேர்வு செய்துவிட்டால் இவ்வேலை மிச்சமாகும்.

அருகிலிருந்தும் காணாதது

சி++ நிரலை லினக்ஸில் ‘ஜி++’ கொண்டு தொகுத்தால், வேறு பெயர் தராதபோது, ‘ஏ.அவுட்’ என்னும் கோப்பு உருவாகிறது. அப்பெயரை மட்டும் தட்டச்சிட்டால் அதுவும் பெரும்பாலும் காணப்படுவதில்லை. கண்ணெதிரே உள்ள கோப்பு காணாமற்போவது எவ்வாறு? நாம் இருக்கும் கோப்புறை இயல்பாகப் பட்டியலில் சேர்க்கப்படுவதில்லை. தீய நிரல் ஒன்று வழக்கமான கட்டளையின் பெயரைச் சூடி அக்கோப்புறையில் ஒளிந்திருந்தால், அது நம்மை அறியாமல் இயங்கிவிடக்கூடும். ஆகவே ‘இங்குள்ளதையே இயக்குக’ என்னும் பொருள்பட, பெயருக்குமுன் ஒரு புள்ளியும் சாய்கோடும் இடுகிறோம்.

பிழைச்செய்தி நம்மைக் குறைகூறுவதன்று; தேடியவர் தரும் அறிக்கை. அதனை முழுமையாகப் படித்து, ‘எங்குத் தேடினாய்?’ என்று திருப்பிக் கேட்கக் கற்றவர், வழிகாட்ட ஒருவர் அருகில் இல்லாதபோதும் தாமே வழி காண்பர்.

தெரியுமா?

சி-டாக் நிறுவனம் உருவாக்கிய ‘பாஸ்’ இயங்குதளம் டெபியன் லினக்ஸை அடிப்படையாகக் கொண்டது. தமிழ்நாட்டில் 2011இல் தொடங்கிய விலையில்லா மடிக்கணினித் திட்டத்தின்கீழ் மாணவர் பெற்ற கணினிகள் பலவற்றில் இதுவும் இடம்பெற்றிருந்தது.

கற்பவை கற்றபின்

பள்ளிக் கணினி ஆய்வகத்தில் பாத் பட்டியலைக் கண்டு, அதிலுள்ள கோப்புறைகளை வரிசையாக எழுதி வகுப்பில் விளக்குக.

மதிப்பீடு

குறுவினா: ஷெல் என்னும் பெயர் அமைந்ததற்குக் காரணம் யாது?

சிறுவினா: ஒரே பெயரில் இரண்டு கருவிகள் இருப்பின் எது இயங்கும்? ஏன்?

நெடுவினா: ‘இல்லை’, ‘காணவில்லை’ ஆகிய சொற்களின் வேறுபாட்டைப் பாடக்கருத்துடன் பொருத்தி விளக்குக.