வளைத்தால் கலக்கும்

கேள்வி: தலைமுடி அகலமே உள்ள நுண்குழாய்களில் திரவங்களைச் செலுத்தி மருந்து தயாரிக்கிறார்களாமே? அவ்வளவு சின்ன இடத்தில் அவை தானாகவே கலந்துவிடாதா? இல்லையென்றால் பம்பை வேகமாக ஓட்டினால் போதாதா?
– கல்லூரி மாணவி, திருவண்ணாமலை

பதில்: கலக்காது. பம்பை முடுக்கினால் நிலைமை இன்னும் மோசம்.

பௌர்ணமி இரவில் உங்கள் ஊர் கிரிவலப் பாதையைப் பாருங்கள். மலையோரமாக நடப்பவர் கடைசிவரை மலையோரம்தான். எதிர் ஓரத்தில் வருபவர் எதிர் ஓரம்தான். 14 கிலோமீட்டர் சுற்றி முடித்தும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்திருக்க மாட்டார்கள். நெரிசலுக்குக் குறைவே இல்லை, ஆனால் கலப்பு இல்லை. நுண்குழாய்க்குள் நீரும் இப்படித்தான் போகிறது. பாடநூலில் ‘வரிச்சீர் ஓட்டம்’ என்று படித்திருப்பீர்கள்.

குழாயின் அகலம் 100 மைக்ரான், நீரின் வேகம் நொடிக்கு 1 செ.மீ. என்று வையுங்கள். நீரின் உந்தலுக்கும் பாகுநிலைக்கும் உள்ள விகிதமான ரெனால்ட்ஸ் எண் வெறும் 1. சுழலுக்கு வாய்ப்பே இல்லை. மூலக்கூறுகள் மெல்ல விரவித்தான் மறுகரை சேர வேண்டும். சிறிய மூலக்கூறுக்கே அதற்குச் சுமார் 10 நொடி ஆகும். அதற்குள் நீர் 10 செ.மீ. ஓடிவிடும். வேகத்தைப் பத்து மடங்காக்கினால் 1 மீட்டர் நீளக் குழாய் வேண்டும். இந்த நுண்குழாய்களைப் பொறித்த சில்லோ உள்ளங்கையில் அடங்குவது!

குழாயில் சாயத்தை இழையாக விட்டு வரிச்சீர் ஓட்டத்தையும் கொந்தளிப்பு ஓட்டத்தையும் பிரித்துக் காட்டியவர் ஆஸ்போர்ன் ரெனால்ட்ஸ். ஆண்டு 1883, ஊர் மான்செஸ்டர். ரெனால்ட்ஸ் எண் 2,000ஐத் தாண்டினால் நீர் உடனே கொந்தளிக்கும் என்று வகுப்பில் சொல்வார்கள். நம்பாதீர்கள். நீரை அசையாமல் அடங்கவிட்டு, கவனமாகத் திறந்து, ரெனால்ட்ஸ் ஏறத்தாழ 13,000 வரை சாய இழையைக் கலையாமல் ஓடவிட்டார். பிற்காலத்தில் அதே கருவியில் செய்து பார்த்தவர்களால் அந்த எண்ணை எட்ட முடியவில்லை. காரணம், மான்செஸ்டர் தெருவில் ஓடும் வண்டிகளின் அதிர்வு! குதிரை வண்டிக் காலத்து எண் லாரிக் காலத்துக்குக் கைகூடவில்லை. நுண்குழாயிலோ திருவண்ணாமலைப் பேருந்து நிலையத்தையே பக்கத்தில் கொண்டுவந்து வைத்தாலும் இழை கலையாது. 2,000க்கு வெகு கீழே எந்தக் குலுக்கலும் அடங்கிப்போய்விடும்.

பிறகு எப்படித்தான் கலப்பது? கிரிவலத்தில் அஷ்ட லிங்கங்கள் செய்வதைச் செய்ய வேண்டும். தரிசனத்துக்காக ஒதுங்கிய கூட்டம் திரும்பும்போது வேறு வரிசையில் அல்லவா நுழைகிறது? 2002இல் ஹார்வர்டில் ஆபிரகாம் ஸ்ட்ரூக் குழுவினர் நுண்குழாயின் தரையில் மீன்முள் வடிவப் பள்ளங்களைச் செதுக்கினார்கள். பள்ளத்தில் இறங்கிய நீர் பக்கவாட்டில் திரும்பி எழுகிறது. அடுத்த வரிசைப் பள்ளம் இடம் மாறியிருப்பதால் மடிப்பும் மாறுகிறது. மடிப்பு மேல் மடிப்பாக இழைகள் மெலிந்துகொண்டே போகின்றன. இதில் வேகத்தைப் பத்து மடங்காக்கினாலும் குழாயின் நீளம் கொஞ்சம் கூடினால் போதும். எம்ஆர்என்ஏ மருந்தைக் கொழுப்புத் துகளுக்குள் அடைக்கும் ஆய்வகங்களுக்கு இந்த மீன்முள் பெரிய துணை. துகளின் அளவே கலக்கும் வேகத்தைப் பொறுத்ததுதான்.

கேள்வி: இதில் நம் நாட்டவர் பங்கு ஏதும் உண்டா?
– வாசகர், செங்கம்

பதில்: உண்டு, அதுவும் எனக்குப் பிடித்த வளைவில்! நேர்க்குழாயைவிட வளைந்த குழாய் புத்திசாலி என்று இந்தப் பகுதியில் எத்தனையோ முறை எழுதிவிட்டேன்; இன்னும் எழுதுவேன். வளைவில் திரும்பும் நீர் வெளிப்பக்கம் தள்ளப்பட்டு இரட்டைச் சுழலாகப் புரளும். 1927இல் டபிள்யூ. ஆர். டீன் இதற்குக் கணிதம் எழுதினார். ஆனால் ஒரே சுருளில் அந்த இரண்டு சுழல்களும் தத்தம் நீரையே சுற்றிக்கொண்டிருக்கும். 1984இல் ஐஐடி டெல்லியின் சக்சேனாவும் கே. டி. பி. நிகமும் செய்தது இதுதான்: சுருளைச் சமதூரத்துக்கு ஒருமுறை 90 டிகிரி திருப்பினார்கள். சுழல்களின் தளமும் கூடவே திரும்ப, ஒன்றில் இருந்த நீர் மற்றதற்குள் போய்விடுகிறது. மோட்டார் இல்லை, கத்தி இல்லை, தனியாக மின்சாரமும் இல்லை. இன்று நுண் உலைகளிலும் இந்தச் சுருள் இருக்கிறது. பொறியியல் கல்லூரிகள் இதைச் செய்முறைப் பாடமாகவே வைக்கலாம்: ஒளிபுகும் பிளாஸ்டிக் குழாய், ஒரு சட்டம், ஒரு பாட்டில் மை. வேறென்ன வேண்டும்?

கேள்வி: மான்செஸ்டர் என்றதும் ஒரு சந்தேகம். கோவையைத் தென்னிந்தியாவின் மான்செஸ்டர் என்கிறார்கள். எங்கள் ஊரிலும் தறி உண்டே, ஏன் சொல்வதில்லை?
– வாசகி, ஆரணி

பதில்: மான்செஸ்டர் பருத்தி ஆலைக்குப் பெயர் போன ஊர். கோவையில் முதல் நூற்பாலை 1888இல் வந்தது. 1930களில் பைக்காரா மின்சாரம் வந்ததும் ஆலைகள் பெருகின. உங்கள் ஊர் பட்டுக்கும் கைத்தறிக்கும் பெயர் பெற்றது. ஆரணிப் பட்டு தன் பெயரிலேயே புவிசார் குறியீடு வாங்கியிருக்கிறது. அதற்கு இரவல் பெயர் தேவையில்லை.