அந்திநேரத்துக்கு ஏற்ற பைனாகுலர்

வேடந்தாங்கலில் பறவைகள் கூட்டம் கூட்டமாக ஏரிக்குத் திரும்புவது பொழுது சாயும் வேளையில்தான். அப்போது பைனாகுலர் எத்தனை மடங்கு பெரிதாகக் காட்டுகிறது என்பதைவிட, எவ்வளவு வெளிச்சம் தருகிறது என்பதே முக்கியம்.

8×42 என்று போட்டிருந்தால், உருவம் 8 மடங்கு பெரிதாகும்; முன்கண்ணாடியின் விட்டம் 42 மி.மீ. 42-ஐ 8-ஆல் வகுங்கள். கண்ணுக்கு வந்துசேரும் ஒளிவட்டம் 5.25 மி.மீ. 10×25-இல் அது வெறும் 2.5தான். பகலில் குறை தெரியாது. அந்தியிலோ நத்தைகுத்தி நாரையும் சாம்பல் நாரையும் ஒரே கருநிழலாகிவிடும். இருட்டில் இளவயதினரின் கண்மணி 7 மி.மீ. வரை விரியும், வயது ஏற ஏற அது குறையும். ஆகவே ஐம்பதைக் கடந்தவர்கள் கனமான 7×50-ஐச் சுமக்க வேண்டாம், 8×42 தாராளம்.

கடையில் பைனாகுலரைக் கை நீட்டிப் பிடித்து, வெளிச்சத்தை நோக்கித் திருப்பி, கண் வைக்கும் பக்கத்தைப் பாருங்கள். ஒளிவட்டத்தின் ஓரங்கள் வெட்டுப்பட்டுச் சதுரம்போலத் தெரிந்தால் உள்ளிருக்கும் பட்டகம் மட்டரகம். செக்கச்செவேலென மின்னும் கண்ணாடியும் வேண்டாம். அது வெளிச்சத்தில் ஒரு பங்கைத் திருப்பி அனுப்பிவிடும். மூக்குக்கண்ணாடி போடுபவர்கள் அதைக் கழற்றாமலே பார்த்து வாங்குங்கள். முடிந்தால் சாயங்காலம் கடைக்குப் போய், வாசலில் நின்று எதிர்மரத்தின் நிழலுக்குள் இலைகள் பிரிந்து தெரிகின்றனவா என்று பாருங்கள்.