ஆபரேஷன் விளக்கொளியால் பார்வை பாதித்தால் நஷ்ட ஈடு கிடைக்குமா?

கேள்வி: என் அம்மாவுக்கு வயது 61. முந்திரிக்கொட்டை உடைக்கும் வேலை. 14 மாதங்களுக்கு முன் திருச்சியில் ஒரு தனியார் மருத்துவமனையில் பணம் கட்டிக் கண்புரை ஆபரேஷன் செய்தோம். கட்டுப் பிரித்ததிலிருந்து, பார்க்கும் இடத்தின் நடுவில் கறுப்பாக மறைக்கிறது என்கிறார். மைக்ரோஸ்கோப் வெளிச்சம் விழித்திரையைப் பாதித்திருக்கிறது என்கிறார் வேறொரு டாக்டர். வழக்குப் போடலாமா?
- வாசகர், ஆண்டிமடம்

பதில்: போடலாம். ஆனால் பாதிப்பு நேர்ந்தது என்பது மட்டும் போதாது. கவனக்குறைவை நிரூபிக்க வேண்டும்.

2008-ல் பெரம்பலூரில் இலவச முகாம் அறுவைக்குப் பின் 66 பேர் பார்வை இழந்தார்கள், சிபிஐ விசாரித்தது. அத்தனை பேருக்கு ஒன்றாக நேரும்போது தவறு வெளிப்படையாகத் தெரியும். உங்கள் அம்மாவின் வழக்கு அப்படியல்ல. மைக்ரோஸ்கோப் ஒளி விழித்திரையைச் சுடுவது, கவனமாகச் செய்தாலும் எப்போதாவது நேரக்கூடியது. ஆனால் மருத்துவர்கள் 1980-களிலிருந்தே அறிந்த ஆபத்து இது. வெளிச்சத்தைக் குறைப்பது, வடிகட்டி பொருத்துவது, ஒளி ஒரே இடத்தில் நேராக விழாமல் பார்ப்பது, அறுவையை வீணாக நீட்டாமல் முடிப்பது என்று தடுக்கும் வழிகளும் உண்டு. சாதாரணத் திறமையுள்ள மருத்துவர் எடுக்கும் கவனத்தை இவர் எடுத்தாரா என்பதே அளவுகோல். ஜேக்கப் மேத்யூ வழக்கில் (2005) உச்ச நீதிமன்றம் வகுத்தது அது.

ஆகவே அறுவை எத்தனை மணிக்குத் தொடங்கி எப்போது முடிந்தது, இடையில் என்ன சிக்கல் வந்தது என்ற குறிப்புகள்தான் உங்கள் வழக்கின் உயிர். சிகிச்சை ஆவணங்களையும் ஒப்புதல் படிவத்தையும் கேட்டுப் பதிவுத் தபாலில் கடிதம் அனுப்புங்கள். மருத்துவக் கவுன்சில் விதிப்படி 72 மணி நேரத்தில் தர வேண்டும். மூன்று ஆண்டுகள்தான் பாதுகாக்கக் கடமை என்பதால் தாமதிக்காதீர்கள். இரண்டாவது டாக்டரிடம் விழித்திரையைப் படமெடுக்கும் ஓசிடி ஸ்கேனும் எழுத்துப்பூர்வமான கருத்தும் வாங்குங்கள்.

பணம் கட்டிப் பெற்ற சிகிச்சை என்பதால் நுகர்வோர் ஆணையத்தில் வழக்குப் போடலாம். நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், 2019-ன் 69-வது பிரிவுப்படி அதற்குக் கெடு இரண்டு ஆண்டுகள். அறுவை நாளிலிருந்தே கணக்கிடுங்கள். பத்து மாதங்கள் மீதம் உள்ளன. மருத்துவமனை திருச்சியில் இருந்தாலும், நீங்கள் வசிக்கும் அரியலூர் மாவட்ட நுகர்வோர் ஆணையத்திலேயே தாக்கல் செய்யலாம். கட்டிய தொகை ஐந்து லட்சத்துக்குள் என்றால் கட்டணமில்லை. வருமானம் எதுவானாலும் பெண்களுக்கு மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழு இலவசமாக வழக்கறிஞர் தரும்.

அவசரப்பட்டுக் காவல் நிலையத்துக்குப் போக வேண்டாம்; குற்ற வழக்குக்கு மிகக் கடுமையான கவனக்குறைவு தேவை. விழித்திரை நிபுணரிடம் தொடர்ந்து காட்டுங்கள். இத்தகைய பாதிப்பு சிலருக்கு மாதக்கணக்கில் ஓரளவு தேறும். தேறாவிட்டால், அம்மா இழந்த கூலியைக் கணக்கிட அந்தப் பரிசோதனைச் சீட்டுகளே சாட்சியாகும்.