வி.பி.என். பக்கத்துக்குச் சொந்த சர்டிஃபிகேட்: அக்காவின் டிப்ஸ்

ஹூஸ்டன் ஹில்கிராஃப்ட்டில், 2010 முதல் மகாத்மா காந்தி மாவட்டம் என்று பெயர் பெற்ற வட்டாரத்தில், நகைக்கடையோ புடவைக்கடையோ, கணக்கு எழுதுபவர் வீட்டிலிருந்தே கடைக் கம்ப்யூட்டரைத் திறக்கலாம். அதற்கு ஓபன்விபிஎன் ஆக்சஸ் சர்வர் போட்டுக்கொடுக்கும் தம்பி தங்கைகளே, நம்பகமான சர்டிஃபிகேட் மாட்டும் கடைசி வேலையை விட்டுவிடாதீர்கள். சர்வர் தானே தயாரித்துக்கொண்ட சர்டிஃபிகேட்டை பிரவுசர் நம்பாது, எச்சரிக்கும். “பரவாயில்லை, உள்ளே போங்க” என்று ஊழியர்களைப் பழக்கினால், நாளைக்குப் போலிப் பக்கத்திலும் கூசாமல் பாஸ்வேர்டு போடுவார்கள்.

1. முதலில் பெயர்: வெறும் ஐ.பி. எண்ணோடு நிற்காதே. கடையின் டொமைனில் ஒரு துணைப்பெயர் வைத்து, டி.என்.எஸ்.ஸில் சர்வரைக் காட்டு. சர்வர் அமைப்பிலும் சர்டிஃபிகேட்டிலும் அதே பெயர் இருக்கட்டும்.

2. காசு செலவழிக்காதே: லெட்ஸ் என்கிரிப்ட் 2015 டிசம்பரிலிருந்து எல்லாருக்கும் சர்டிஃபிகேட்டை இலவசமாகத் தருகிறது. சர்ட்பாட் என்ற மென்பொருளைப் போட்டு வாங்கிக்கொள். போர்ட் 80 திறக்க வழியில்லையா? டி.என்.எஸ்.ஸில் ஒரு டெக்ஸ்ட் ரெக்கார்டு சேர்த்தும் டொமைன் உன்னுடையது என்று நிரூபிக்கலாம்.

3. மூன்று ஃபைலும் வேண்டும்: சர்டிஃபிகேட், பிரைவேட் கீ, சி.ஏ. பண்டில். அட்மின் பக்கத்தில் மூன்றையும் ஏற்றிச் சரிபார்த்துவிட்டுச் சேமி. பண்டிலை விட்டால் ஒரு பிரவுசரில் சரியாகத் திறந்து, இன்னொன்றில் அடம்பிடிக்கும். கீ ஃபைலுக்குப் பாஸ்வேர்டு இருக்கக் கூடாது.

4. கீயை ஊர்சுற்ற விடாதே: சர்வரிலேயே உருவாக்கு. வாட்ஸ்அப்பில் அனுப்பினால் அது ரகசியமே இல்லை.

5. பதறாதே: மாறுவது வெப் பக்கத்தின் சர்டிஃபிகேட் மட்டும்தான். வி.பி.என். இணைப்புக்கான சர்டிஃபிகேட்கள் வேறு. டொமைன் பெயரை முதல் நாளே வைத்துவிட்டால், ஊழியர்களுக்கு மறுபடி ப்ரொஃபைல் அனுப்பும் வேலை இல்லை.

6. அட்மின் பக்கத்தை ஊருக்குத் திறக்காதே: ஃபயர்வாலில் போர்ட் 943-ஐத் தெரிந்த ஐ.பி.களுக்கு மட்டும் விடு. 443 வழியாகவும் அந்தப் பக்கம் திறக்கும். அந்த வசதியையும் அணைத்துவிடு.

7. புதுப்பிப்பைத் தானியங்கியாக்கு: லெட்ஸ் என்கிரிப்ட் வழக்கமாகத் தருவது 90 நாள் சர்டிஃபிகேட். காலாவதி நினைவூட்டும் மின்னஞ்சலையும் 2025 ஜூனில் நிறுத்திவிட்டார்கள். காசு கொடுத்து வாங்கினாலும் தப்பிக்க முடியாது. பிரவுசர்கள் ஏற்கும் பொது சர்டிஃபிகேட்டின் ஆயுள் 2026 மார்ச் 15 முதல் 200 நாள், 2027-இல் 100, 2029-இல் 47 என்று சுருங்குகிறது. சர்ட்பாட் புது ஃபைல் வாங்கி வைத்தால் மட்டும் போதாது, ஆக்சஸ் சர்வருக்கு அது தெரியாது. புது ஃபைலை ஏற்றும் ஆக்சஸ் சர்வரின் ‘சாக்ளி’ (sacli) கட்டளைகளை ஒரு ஸ்கிரிப்டில் எழுதி, புதுப்பித்ததும் ஓடும் சர்ட்பாட்டின் டிப்ளாய் ஹுக்கில் மாட்டு.

சர்ட்பாட்டை ‘ட்ரை ரன்’னில் ஓட்டிப் பார். அதில் டிப்ளாய் ஹுக் வழக்கமாக ஓடாது என்பதால் ஸ்கிரிப்டைத் தனியாக ஒருமுறை கையால் ஓட்டு. கடை வைஃபையை விட்டு, போன் டேட்டாவில் பக்கத்தைத் திறந்து பார். இந்த மூன்றும் தேறிய பிறகு கடைக்காரரிடம் “வேலை முடிஞ்சது” என்று சொல்.