கடலோர வயலுக்கு மணல் மேடே காவல்

நாகப்பட்டினத்திலிருந்து கோடியக்கரை வரையுள்ள பல ஊர்களில் கடலுக்கும் வயலுக்கும் இடையே மணல் மேடுகள் நீண்டு கிடக்கின்றன. இவற்றை வீண் நிலம் எனக் கருதி மணலை வெட்டி விற்போரும், சமன்படுத்துவோரும் உள்ளனர். மேடு போனால் கேணியின் நன்னீரும் போகும் என்பதை உழவர் பெருமக்கள் உணர்தல் வேண்டும்.

மேடு உருவாகும் விதம்

ஆறு, அலை, காற்று, செடி ஆகிய நான்கும் சேர்ந்தே மேட்டை உருவாக்குகின்றன. வெள்ளக் காலத்தில் ஆறு மணலைக் கடலில் சேர்க்கிறது. அணைகள் மிகுந்தால் இவ்வரத்து குறையும். அலைகள் கரையில் சாய்வாக மோதுவதால் மணல் கரையோரமாக நகர்கிறது. சென்னைக் கரையில் ஆண்டு முழுவதையும் கணக்கிட்டால் வடக்கு நோக்கிச் செல்லும் மணலே அதிகம். அங்கு 19ஆம் நூற்றாண்டில் துறைமுகச் சுவர் எழுந்தபின், தெற்கே மெரீனா மணல்வெளி அகன்றது. வடக்கே இராயபுரம் கரை அரிக்கப்பட்டது.

அலை ஒதுக்கிய மணல் காய்ந்ததும் காற்று அதை உள்ளே தள்ளுகிறது. அடம்பங்கொடியும் இராவணன் மீசைப் புல்லும் அதைப் பிடித்து நிறுத்துகின்றன. செடி அழிந்தால் அதே மணல் பறந்து வயலை மூடும்.

மேட்டுக்குள் நன்னீர்

மேட்டில் பெய்யும் மழை நீர் மணலில் இறங்கித் தங்குகிறது. நன்னீர் எடை குறைந்தது. ஆகவே அடியிலுள்ள உப்பு நீரின் மேல் மிதந்து நிற்கிறது. கடல் மட்டத்துக்கு மேல் 1 அடி நன்னீர் இருந்தால், அம்மட்டத்துக்குக் கீழே ஏறத்தாழ 40 அடி வரை நன்னீர் இருக்கும். மேலே 1 அடி குறைந்தால், நாளடைவில் கீழிருந்து உப்பு நீர் 40 அடி ஏறிவிடும். மேட்டை வெட்டினாலும், ஆழ்குழாய் இறக்கி அளவின்றி இறைத்தாலும் நேர்வது இதுவே.

மேட்டில் வெட்டிய இடைவெளி, புயல் நாளில் கடல் நீர் புகும் வாயிலாகிவிடும்.

செய்ய வேண்டியவை

1. கடலைப் பார்த்த சரிவில் தானாக வளரும் கொடியையும் புல்லையும் அழிக்கக் கூடாது. ஆடு மாடு மேய விடக் கூடாது.

2. மேட்டின் வயல் பக்கம் தாழை, பனை, சவுக்கு ஆகியவற்றை வடகிழக்குப் பருவமழைத் தொடக்கத்தில் நடலாம்.

3. ஆழ்குழாய்க் கிணற்றைத் தவிர்த்து, ஆழமில்லாத கேணியில் சிறிது சிறிதாக இறைத்தல் நலம். கோடையில் நீரின் உப்பு அளவைப் பரிசோதித்துக் கொள்ள வேண்டும்.

4. கடல் நீர் புகுந்த வயலில் முதலில் நீரை வடிக்க வேண்டும். பின் வரப்பை உயர்த்தி, மழை நீரைத் தேக்கி, மீண்டும் மீண்டும் வடித்தால் உப்பு கரைந்து வெளியேறும். ஜிப்சம் எல்லா நிலத்துக்கும் மருந்தாகாது. மண் பரிசோதனையில் களர்த் தன்மை தெரிந்தால் மட்டுமே இட வேண்டும்.

5. உவர் நிலத்தில் உப்பைத் தாங்கும் நெல் இரகங்களைப் பயிரிடலாம். இரகத் தேர்வுக்கு அருகிலுள்ள வேளாண்மை விரிவாக்க மையத்தை அணுகவும்.

ஒருவர் வயலுக்கு எதிரே மேடு உடைந்தாலும் பக்கத்து வயல்களும் கெடும். ஆகவே மேட்டைக் காப்பதை ஊரே கூடிச் செய்தல் வேண்டும். வெட்டிய மணலின் விலை ஒரு முறை கிடைக்கும். மேடு தரும் நன்னீரோ ஆண்டுதோறும் கிடைக்கும்.